ஆடிப்பட்டத்தில் காய்கறியும் பூவும்: ஆனி முதல் தை வரை ஒரு வீட்டுத் தோட்டம்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆடி பிறந்ததும் விதை பாக்கெட்டுகளை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடுகிறார்கள். தக்காளி நாற்று நடவுக்குத் தயாராகும்போது மிளகாய் இன்னும் விரலளவுகூட வளர்ந்திருக்காது. மிளகாய்க்காகக் காத்திருந்தால் தக்காளி முற்றிப்போகும். அப்புறம் எல்லாமே தாமதமாகி, செடி வேர் பிடிக்கும் முன்பே ஐப்பசி மழை வந்துவிடும்.

இந்தப் பட்டத்தில் வேலையின் கணக்கே இதுதான்: வடகிழக்குப் பருவமழை பலமாகும்போது செடிகள் நன்றாக வேரோடி நிற்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணினால் எதை எப்போது செய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கீழே உள்ளது ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி நிலத்தில் நாலு பேர் உள்ள குடும்பத்துக்கான திட்டம். திருச்சி, மதுரை, ஈரோடு போன்ற உள்மாவட்டங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கடலோரத்திலும் டெல்டாவிலும் இருப்பவர்களுக்கு எங்கே மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் இடம்: மார்கழி வெயிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெயிலை ஆனி மாதத்தில் பார்த்து இடத்தை முடிவு செய்வதில்தான் தவறு நடக்கிறது.

ஆனி, ஆடியில் நம் ஊரில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். தோட்டத்துக்குத் தெற்கே 10 அடி உயரச் சுவர் இருந்தால், மார்கழி நண்பகலில் அதன் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 7 அடி விழும். ஆடியில் பளீரென்று இருந்த பாத்தி, காய்க்கும் மாதத்தில் நிழலில் கிடக்கும். அதனால் தெற்குச் சுவரை ஒட்டி 7 அடி அகலத்தைக் கீரைக்கும் உரக்குழிக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

இதே காரணத்தால் கொடிப் பந்தல் எப்போதும் வடக்கு ஓரத்தில். தெற்கே போட்டால் கார்த்திகைக்கு மேல் மற்ற செடிகளுக்கெல்லாம் அதுவே குடை பிடிக்கும்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் மாடியிலிருந்து வாளியில் இறக்க வேண்டிய இடமாக இருந்தால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும்.

2. என்ன, எத்தனை: சமையலைக் கொண்டு எண்ணுங்கள்

வகைக்கு நாலு செடி வைப்பது வழக்கமாகிவிட்டது. நாலு வெண்டைச் செடியில் ஒரு நாளைக்குக் கிடைப்பது மூன்று, நாலு காய். அதை வைத்துப் பொரியலும் செய்ய முடியாது, சேர்த்து வைத்தாலும் வாடிவிடும். மாறாக சுரை ஒரு கொடி போதும். மூன்று கொடி வைத்தால் தெருவுக்கே கொடுக்க வேண்டியிருக்கும்.

4 அடி அகலம், 8 அடி நீளத்தில் நாலு பாத்தியும் ஒரு பந்தலும் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரிக்கலாம்:

முதல் பாத்தி: வெண்டை 24 செடி, மூன்று வரிசையாக, செடிக்குச் செடி ஒரு அடி.
இரண்டாம் பாத்தி: கத்தரி 4, மிளகாய் 6. கத்தரிக்கு இரண்டு அடி இடைவெளி, மிளகாய்க்கு ஒன்றரை அடி.
மூன்றாம் பாத்தி: தக்காளி 10, இரண்டு வரிசையாக. ஓரங்களில் செண்டுமல்லி.
நாலாம் பாத்தி: கீரைகளும் முள்ளங்கியும்.
பந்தல்: புடலை 2, பீர்க்கை 2, பாகல் 3, சுரை 1, அவரை 2.
வேலியோரம்: செவ்வந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, சங்குப்பூ.

பூவைத் தனியாக ஒரு மூலையில் ஒதுக்க வேண்டாம். பந்தல் காய்களுக்குத் தேனீ வந்தாக வேண்டும். காய் பூப்பதற்கு முன்பே பூச்செடிகள் பூத்திருந்தால் தேனீக்கு வழி பழகிவிடும். செண்டுமல்லிக்கு இன்னொரு முக்கிய வேலையும் இருக்கிறது, அதை ஐந்தாம் பகுதியில் பார்க்கலாம்.

3. ஆனி முதல் வாரம்: பாத்தி

பாத்தி அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே கால் வைப்பீர்கள், மிதித்த மண் இறுகும், வேர் இறங்காது. நடைபாதைக்கு ஒன்றரை அடி விடுங்கள்.

ஒரு அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். கூட்டுப்புழுக்களும் களை வேர்களும் மேலே வந்து சாகும். பிறகு ஒரு பாத்திக்கு 10 முதல் 15 கிலோ மக்கிய தொழுஉரம், கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டுக் கலந்து, பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்துங்கள். ஆடியில் இந்த மேட்டுப்பாத்தி தேவையே இல்லை, சொல்லப்போனால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்கும். ஆனால் ஐப்பசியில் செடியைக் காப்பாற்றப் போவது இந்த முக்கால் அடிதான். அப்போது உயர்த்த முடியாது, இப்போதே செய்ய வேண்டும்.

பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போடாதீர்கள். மக்கும்போது சூடாகி வேரைக் கருக்கும். மக்கிய உரம் என்று கொடுப்பதை ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். சாண வாடை போய் மண் வாசனை வர வேண்டும், உதிரியாக இருக்க வேண்டும். உள்ளே கட்டைவிரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அவை வண்டின் புழுக்கள், பாத்திக்குப் போனால் வேரையும் கடிக்கும்.

உரம் கலந்த பாத்தியை நனைத்துப் பத்து, பதினைந்து நாள் சும்மா விடுங்கள். முளைக்கும் களைகளை நடவுக்கு முன்பே கொத்திவிடலாம். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு செடிக்கும் களைக்கும் நடுவே கை விட முடியாமல் தவிக்கிறார்கள்.

4. விதை வாங்குதலும் சோதனையும்

நாட்டு விதையா ஹைப்ரிடா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் பருவத்துக்கு, விதை எடுத்து வைக்கக்கூடிய ரகங்களையே நான் சொல்வேன். ஹைப்ரிடில் காய் அதிகம் வரலாம், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச் செடியைப் போல வராது. தக்காளியில் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, வெண்டையில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இரண்டும் எளிதில் கிடைக்கும், விதையும் எடுக்கலாம். கத்தரியிலும் அவரையிலும் உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கும் ரகத்தையே கேட்டு வாங்குங்கள். அந்த மண்ணுக்குப் பழகியது அது.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு, ஒவ்வொரு வகையிலும் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழுக்குக் கீழே முளைத்தால் குழிக்குக் கூடுதலாக விதை போட வேண்டும். நாலுக்குக் கீழே என்றால் வேறு விதை வாங்குங்கள். குழித்தட்டில் பத்து நாள் பார்த்துவிட்டு ஏமாறுவதைவிட இது மேல்.

பாகல், சுரை, புடலை விதைகளுக்குத் தோல் தடிமன். ஒரு இரவு ஊற வைத்து விதைத்தால் சீராக முளைக்கும். அவரை விதையை நீண்ட நேரம் ஊற வைத்தால் வெடித்து அழுகும், அப்படியே ஊன்றலாம். இளஞ்சிவப்பு, நீலம் என்று நிறம் பூசிய விதைகளில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. அவற்றை ஊற வைக்காமல், கையுறையோடு எடுத்து விதையுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். மருந்து பூசாத விதைக்கு, நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளைக் கொஞ்சம் ஆறிய வடிகஞ்சியில் குழைத்துப் பிசறி, நிழலில் உலர்த்தி விதைத்தால் நாற்றழுகல் குறையும்.

5. நாற்றங்கால்: வரிசைதான் எல்லாம்

நாற்றாக வளர்த்து நட வேண்டியவை நாலு: செண்டுமல்லி, மிளகாய், கத்தரி, தக்காளி. நான்கையும் ஆடிக் கடைசி வாரத்தில், ஆகஸ்ட் 10 முதல் 15க்குள் நட்டுவிட வேண்டும். நாற்று வயது ஒவ்வொன்றுக்கும் வேறு:

ஜூலை முதல் வாரம்: செண்டுமல்லியும் மிளகாயும். 40 நாள் நாற்றாக நடலாம்.
அதற்கு ஒரு வாரம் கழித்து: கத்தரி. 30 முதல் 35 நாள்.
இன்னும் ஒரு வாரம் கழித்து: தக்காளி. 25 நாள் போதும்.

செண்டுமல்லியைத் தக்காளிக்கு இரண்டு வாரம் முன்னால் விதைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தக்காளிக் காயைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடுவது ரொம்பப் பிடிக்கும். தக்காளி பூக்கும் நேரத்தில் பக்கத்தில் செண்டுமல்லி மொட்டு விட்டிருந்தால் பெரும்பகுதி முட்டை அங்கே போய்விடும். ஒரே நாளில் விதைத்தால் தக்காளி முந்திக்கொள்ளும், பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் இந்தப் பொறிப்பயிருக்கு வேலையே இல்லாமல் போகும். செண்டுமல்லியின் வேர் மண்ணில் உள்ள வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும்.

குழித்தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் பாதிப் பாதி நிரப்பி, விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் போட்டு மூடுங்கள். ஆழமாகப் புதைத்துவிட்டு முளைக்கவில்லை என்பவர்கள் அதிகம். பூவாளியால் மட்டும் தண்ணீர், அதுவும் மேற்பரப்பு வெளுத்த பிறகு. முளைத்த நாற்று தரையை ஒட்டி மெலிந்து, நூலாகி, சாய்ந்து விழுந்தால் அது நாற்றழுகல். காரணம் அநேகமாக அளவுக்கு மீறிய தண்ணீர்தான்.

எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். தட்டைக் கல்லின் மேல் வைத்து, சுற்றி மஞ்சள்தூள் போடுங்கள்.

முளைத்த அன்றே வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நிழலிலேயே வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நீளமாக, வெளிறி வளரும். அந்த நாற்று ஆடிக் காற்றில் நிற்காது. நடவுக்கு ஐந்து நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நாள் முழுக்க வெயிலில் வைத்துக் கடினப்படுத்துங்கள்.

6. நேரடி விதைப்பு: ஆடி முதல் வாரம்

வெண்டை, அவரை, கொடிக் காய்கள், முள்ளங்கி, கீரை எல்லாவற்றையும் நிற்கும் இடத்திலேயே விதைக்க வேண்டும். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும். கொடிகளின் வேர் அசைக்கப்படுவதைத் தாங்காது.

வெண்டையைக் குழிக்கு இரண்டு விதையாக, ஒரு அங்குல ஆழத்தில் போட்டு, பத்து நாளில் நல்லதை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். ஆடி முதல் வாரத்தில் விதைத்த வெண்டை ஆவணிக் கடைசியில் காய்க்க ஆரம்பித்து, மழை பலமாகும்போது ஓய்ந்துவிடும். அதனால்தான் இதை முதலில் விதைக்கிறோம்.

கீரை விதையை ஒரு பங்குக்கு நாலு பங்கு மணலுடன் கலந்து தூவுங்கள். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குவியும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்க வேண்டாம். மூன்றாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பகுதி. சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்க வேண்டியது, அரைக்கீரை திரும்பத் திரும்ப அறுக்கக் கூடியது. இரண்டையும் கலந்து விதைத்தால் பிடுங்கும்போது சிக்கல்.

அவரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆவணி, புரட்டாசியில் பந்தல் முழுக்க இலையாக இருக்கும், ஒரு பூ வராது. உடனே உரம் போடுவார்கள், இன்னும் இலைதான் வரும். சிலர் வெட்டியே விடுகிறார்கள். பந்தல் அவரை பகல் பொழுது குறைந்த பிறகே பூக்கும் செடி. ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொறுத்திருந்தால் பொங்கல் குழம்புக்கு வீட்டு அவரை உண்டு. அவ்வளவு நாள் முடியாது என்பவர்கள் பருவம் பார்க்காத குத்தவரை (செடி அவரை) ரகத்தை விதைக்கலாம்.

செவ்வந்தியும் அதே போலக் குறைந்த பகலில்தான் பூக்கும். ஆனி, ஆடியில் வேர்க்கன்று பிரித்து நட்டுவிட்டால் போதும். ஆனால் தெருவிளக்கோ வாசல் டியூப்லைட்டோ இரவில் அதன் மேல் படும் இடத்தில் நடாதீர்கள். இரவு வெளிச்சத்தைச் செடி பகலாகவே எடுத்துக்கொள்ளும், பூப்பது தள்ளிப்போகும்.

7. நடவு: ஆடிக் கடைசி

மாலை நாலு மணிக்கு மேல் நடுங்கள். இரவு முழுக்கச் செடிக்கு ஆறுதல் கிடைக்கும். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டை நனைத்தால் வேர்க்கட்டி உடையாமல் வரும்.

தக்காளியை மட்டும் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி புதையும்படி ஆழமாக நடலாம். மண்ணுக்குள் போன தண்டிலும் வேர் விடும், செடி பலமாக நிற்கும். மிளகாயையும் கத்தரியையும் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள்.

தக்காளிக்கு முட்டுக் குச்சியை நடும் அன்றே ஊன்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஊன்றினால் வேரைக் குத்துவீர்கள். சணலால் எட்டுப் போலத் தளர்த்திக் கட்டினால் தண்டு அறுபடாது.

கடலோரத்திலும் டெல்டாவிலும் இருப்பவர்கள் தக்காளியை இந்த நடவில் விட்டுவிடுங்கள். இப்போது நட்டால் முதல் காய் பழுக்கும் நேரம் ஐப்பசி நடுவில் வரும். அங்கே பெய்யும் மழைக்குப் பழம் வெடிக்கும், இலை கருகும். கார்த்திகையில் நாற்றுவிட்டு மார்கழியில் நட்டால் நல்ல காய்ப்பு கிடைக்கும். அதுவரை அந்தப் பாத்தியில் கொத்தவரை போடலாம்.

நட்ட இரண்டாவது வாரத்தில் செண்டுமல்லியின் நுனியைக் கிள்ளுங்கள். முதல் பூ ஒரு வாரம் போலத் தள்ளிப்போகும், ஆனால் பக்கக் கிளைகள் விட்டு மொத்தப் பூ அதிகமாகும். தக்காளிக்குப் பக்கத்தில் இருப்பதில் பாதியை மட்டும் கிள்ளுங்கள், மீதி முன்னதாகவே மொட்டு விடட்டும். ஆயுத பூஜை மாலைக்கும் பூ கிடைத்துவிடும்.

8. தண்ணீரும் மூடாக்கும்

ஆடி, ஆவணியில் வெயிலைவிடக் காற்றுதான் மண்ணை உலர்த்துகிறது. மேல் மண் காய்ந்திருக்கிறதே என்று தினம் இரண்டு வேளை தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து நிற்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் வேண்டாம். காய்ந்திருந்தால் காலையில், செடியின் அடியில், நன்றாக இறங்கும்படி ஊற்றுங்கள். செடிகள் வளர்ந்த பிறகு வெயில் நாளில் ஒரு பாத்திக்கு ஒரு குடம், அதாவது 15 லிட்டர் அளவு செலவாகும்.

நட்டுப் பத்து நாளில் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை என்று கிடைப்பதை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போட வேண்டும், ஒட்டினால் தண்டு அழுகும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து அழுகினால் அது பூச்சியோ நோயோ அல்ல. ஒரு நாள் காய்ச்சி, மறுநாள் வெள்ளமாக விடுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு ஏறாமல் போவது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

9. உரம்

அடியுரம் சரியாக இருந்தால் முதல் மாதம் எதுவும் தேவையில்லை. மொட்டு வரும் சமயத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஞ்சகவ்யம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தையும் கொத்திப் போடுங்கள். கடலைப் புண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றுகிறவர்களின் செடி கரும்பச்சையாக, செழிப்பாக இருக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். காய்க்காத செடிக்கு உரம் போடும் முன் வெயில் போதுமா என்று பாருங்கள்.

10. கொடிகள்: சாயங்காலம் ஒரு முறை பந்தலடிக்குப் போங்கள்

பீர்க்கையில் முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் கீழே விரல் நுனி அளவில் ஒரு பிஞ்சு ஏற்கெனவே இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

பாகலும் பூசணியும் காலையில் மலரும். பீர்க்கை, சுரை, புடலை மூன்றும் மாலையில்தான் மலரும். காலையில் போய்த் தேடுகிறவர்கள் வாடிய பூவைத்தான் பார்ப்பார்கள். ஐந்தரை மணிவாக்கில் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். இரண்டு, மூன்று நாளில் பிஞ்சு காம்போடு கீழே வளைந்து பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு நாள்கூட மறக்க மாட்டார்கள்.

சுரைக் கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடிகள் பிரியும். அவற்றில்தான் பெண் பூ அதிகம்.

பாகலிலும் புடலையிலும் பழ ஈ பிஞ்சைக் குத்தி முட்டையிடும், காய் ஒரு பக்கம் மஞ்சளாகி அழுகும். பிஞ்சாக இருக்கும்போதே காகிதப் பை மாட்டிவிடுங்கள். குத்துப்பட்ட காயைப் பந்தலடியிலேயே போட்டால் புழு மண்ணுக்குள் போய் மறுபடி ஈயாகக் கிளம்பும். ஆழப் புதையுங்கள்.

11. பூச்சி: மருந்துக்கு முன்னால் கண்

வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றை முட்டையிலேயே நசுக்கிவிடலாம்.

கத்தரியில் ஒரு நுனி மட்டும் நண்பகலில் வாடித் தொங்கி, மாலையிலும் நிமிராவிட்டால் உள்ளே தண்டுத் துளைப்பான் இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள், வெளிறிய சிறு புழு இருக்கும். வெட்டிய நுனியை எரிக்கவோ சோப்புத் தண்ணீரில் போடவோ வேண்டும். காய் வருவதற்கு முன்பே இதைத் தொடர்ந்து செய்தால் காயில் புழு பாதியாகக் குறையும். காய் வந்த பிறகு எதைத் தெளித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது.

வெண்டை இலை நரம்புகள் வலை பின்னியது போல மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. பார்த்த அன்றே செடியைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு காய்க்கு ஆசைப்பட்டு விட்டுவைத்தால் பாத்தி முழுக்கப் பரவும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு நீலப் பசை அட்டையும் வேப்பெண்ணெயும் உதவும்.

பொறிவண்டைக் கொல்லாதீர்கள். பளபளப்பான சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி உள்ளது அசுவினியைத் தின்னும். கத்தரி இலையைச் சுரண்டித் தின்பது மங்கலான நிறத்தில், பட்டுப்போல மெல்லிய ரோமத்தோடு இருக்கும், அதன் புழு மஞ்சளாக, முள் முள்ளாக இருக்கும். வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் நசுக்குகிறவர்கள் நிறைய.

பொதுவான தெளிப்புக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊற வைத்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், தேனீக்களும் அப்போதுதான் வந்துபோகும்.

12. புரட்டாசிக் கடைசி: மழைக்குத் தயார்

இந்த வாரத்தில் செய்யும் வேலைதான் பருவத்தைப் பாதியில் முறியாமல் காக்கிறது.

நடைபாதைகளை நாலு விரல் ஆழமாக்கி, தண்ணீர் தோட்டத்தை விட்டு வெளியேறும் வழியைத் திறந்துவிடுங்கள். இரண்டு குடம் ஊற்றிப் பார்த்து, ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடியில் மண் அணையுங்கள். தக்காளியில் தரையிலிருந்து ஒரு அடி வரை உள்ள இலைகளை நீக்கிவிடுங்கள், மழைத்துளி தெறிக்கும் மண்ணோடுதான் நோய் மேலே ஏறுகிறது. பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து இறுக்குங்கள். நனைந்த கொடியின் பாரம் காய்ந்த கொடியைப் போல இருக்காது.

மழை நாளில் பாத்தியை மிதிக்காதீர்கள், ஈர இலையைத் தொடாதீர்கள். நாலு நாள் அடை மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளானால் உரம் போடத் தோன்றும். அது வேர் மூச்சுத் திணறுவதால் வந்தது. இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு மேல் மண்ணைக் களைக்கொத்தால் லேசாகக் கீறிவிடுங்கள், பெரும்பாலும் தானாகப் பச்சைக்குத் திரும்பும்.

பெரிய ஓட்டு நத்தைகள் இரவில் வரும். டார்ச் எடுத்துக்கொண்டு, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மூடாக்குக்கு அடியில் பகலில் ஒளிந்திருக்கும், மழைக்காலத்தில் மூடாக்கை மெல்லிதாக்கிவிடுங்கள்.

13. பறித்தல்

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். நுனியை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியில் விட்டால் விதை வைத்துவிட்டோம் என்று செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் நல்லது.

கத்தரி பளபளப்பு மங்குவதற்கு முன் பறியுங்கள். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுத்தால் கிளையே கிழியும்.

செண்டுமல்லியைக் காலையில், பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். மொட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே காய்ப்புழு உண்டு, அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். பொறிப்பயிரைக் கவனிக்காமல் விட்டால் அதுவே புழு வளர்க்கும் இடமாகிவிடும்.

14. விதை எடுத்தலும் பாத்தி காலி செய்தலும்

விதைக்கான காயைக் கடைசியில் மிஞ்சியதிலிருந்து எடுக்கக் கூடாது. நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடியில், நடுப்பருவத்திலேயே இரண்டு, மூன்று காயை நூல் கட்டி விட்டுவிடுங்கள். வெண்டை, அவரை செடியிலேயே காய வேண்டும். கத்தரி முழுக்க மஞ்சளாக வேண்டும். பீர்க்கை காய்ந்து, குலுக்கினால் சத்தம் வர வேண்டும். தக்காளி விதையைக் கூழோடு ஒரு நாள், இரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால் வழவழப்பு போய்விடும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடி இறுகும் டப்பாவில் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள்.

வெண்டையும் தக்காளியும் ஓய்ந்ததும் பிடுங்கிவிடுங்கள். நோய் பட்டதை உரக்குழியில் போடாமல் எரியுங்கள். செண்டுமல்லியை மட்டும் பொடியாக நறுக்கி அதே பாத்தியில் புதைக்கலாம். கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு ஒரு கூடை உரம் போட்டால் இன்னொரு முறை துளிர்த்துக் காய்க்கும். பந்தலில் அவரை நிற்கட்டும், தை தாண்டியும் பறிக்கலாம்.

காலியான தக்காளிப் பாத்தியில் தைப்பட்டத்துக்கு மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்க வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மண்ணில் தங்கி மற்றதுக்குத் தாவும். அங்கே வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். வெண்டை இருந்த பாத்திக்குத் தக்காளி போகட்டும். நாற்றை மார்கழிக் கடைசியிலேயே விட்டுவிடுங்கள், 25 நாள் கணக்கு அப்போதும் அதேதான்.